வடதுருவ ஒளி தோன்றும் பருவம்

வடதுருவ ஒளி என்பது பூமியின் வடமுனையை அண்டிய நாடுகளில் இரவு வானில் பச்சை, சிவப்பு முதலிய நிறங்களில் தோன்றும் இயற்கை ஒளியாகும். சூரியக் காற்றின் தாக்கத்தால் பூமியின் காந்த மண்டலத்தில் முடுக்கப்படும் மின்னேற்றத் துகள்கள், வளிமண்டலத்தின் மேற்பகுதியிலுள்ள ஆக்சிசன், நைதரசன் ஆகியவற்றுடன் மோதுவதால் இது உண்டாகிறது. ஆண்டு முழுவதும் இது நிகழ்ந்தாலும், கண்ணால் காணக்கூடிய பருவம் பொதுவாக ஆகஸ்டு இறுதி முதல் ஏப்ரல் முற்பகுதி வரையாகும்.

இருளின் பங்கு

கடுங்குளிரே இவ்வொளிக்குக் காரணம் எனப் பலர் கருதுகின்றனர். இது சரியன்று. இவ்வொளி தரையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்கு மேல் தோன்றுகிறது. தரையில் நிலவும் குளிருக்கும் இதற்கும் தொடர்பில்லை. இதைக் காணத் தேவையானது இருண்ட, தெளிந்த வானமே. எடுத்துக்காட்டாக, நோர்வேயின் டிரோம்சோ நகரில் மே 20 அளவிலிருந்து சூலை 22 வரை சூரியன் மறைவதே இல்லை. அதற்கு முன்னும் பின்னும் சில வாரங்களுக்கு நள்ளிரவிலும் அந்தி வெளிச்சம் நீடிக்கும். ஆகவே கோடையில் தோன்றும் ஒளி கண்ணுக்குப் புலப்படாமல் போகிறது. மாறாக, நவம்பர் இறுதி முதல் சனவரி நடுப்பகுதி வரை அங்கு சூரியன் உதிப்பதில்லை. அக்காலத்தில் மாலை நேரத்திலேயே இதைக் காண இயலும்.

சம இரவு நாட்களின் பங்கு

இரவு மிக நீண்டிருப்பது திசம்பர் மாதத்தில் ஆகும். ஆனால் புவிகாந்தப் புயல்கள் மார்ச்சு, செப்டம்பர் மாதங்களின் சம இரவு நாட்களை ஒட்டியே மிகுதியாக ஏற்படுகின்றன. இதற்கான விளக்கத்தை 1973 இல் ரசல், மெக்பெரான் ஆகிய இருவரும் வெளியிட்டனர். சூரியக் காற்றுடன் வரும் காந்தப்புலம் தெற்கு நோக்கி இருக்கும்போது அது பூமியின் காந்தப்புலத்துடன் எளிதில் இணைகிறது. அவ்வழியே ஆற்றல் உட்புகுகிறது. சம இரவு நாட்களில் பூமியின் காந்த அச்சு சாய்ந்திருக்கும் விதம், இத்தெற்கு நோக்கிய கூறு பெரிதாவதற்கு ஏதுவாக உள்ளது.

எனினும் இது ஒரு சராசரிப் போக்கு மட்டுமே. பெரும் புயல்கள் எம்மாதத்திலும் வரலாம். 1989 மார்ச்சு 13 அன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தை இருளில் ஆழ்த்திய புயல் சம இரவு நாளுக்கு அண்மையில் நிகழ்ந்தது. 2024 மே 10 அன்று தொடங்கிய புயலோ கோடையை நெருங்கும் காலத்தில் நிகழ்ந்தது. அப்போது இந்தியாவில் லடாக்கின் ஹன்லே பகுதியிலும் செந்நிற ஒளி ஒளிப்படக் கருவிகளில் பதிவானது.

சூரியச் சுழற்சி

சூரியனின் செயற்பாடு ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை உச்சம் அடைகிறது. உச்சத்தை ஒட்டிய ஆண்டுகளிலும் அதற்கு அடுத்த சில ஆண்டுகளிலும் வலிய புயல்கள் மிகுதி. எனவே ஆண்டு, மாதம், முகிலற்ற வானம், நிலவொளி இன்மை ஆகிய அனைத்தும் ஒருங்கே அமைவதே இதனைக் காண ஏற்ற தருணமாகும்.