பொட்டலச் சரக்கும் நம் உடல்நலமும்



நாம் 1977-ஆம் ஆண்டு கோட்டாறு கம்போளத்தில் தகப்பனாருடன் கடையில் உட்காரத் தொடங்கினோம். அப்போது கடைக்குள் நுழைந்தால் மூட்டைகள்தான். சிறுபயறு, உளுந்து, வற்றல் மிளகாய், மல்லி, புளி, ஓலைப் பெட்டியில் கருப்பட்டி. பிஸ்கட் தகர டப்பாவில் ஒரு மூலையில் இருக்கும். காய்ச்சல்காரரைப் பார்க்கப் போகிறவர்கள்தான் அதைக் கேட்டு வாங்குவார்கள். இன்று நம்மிடம் கொள்முதல் செய்யும் பலசரக்குக் கடைகளின் முகப்பில் பொட்டலங்கள் சரம் சரமாகத் தொங்குகின்றன. உள்ளே இருக்கும் தராசைப் பார்க்க வேண்டுமானால் அவற்றை விலக்கித்தான் பார்க்க வேண்டும்.

காலம் மாறினால் சரக்கும் மாறும். பொட்டலத்துக்கு எடைத் தாழ்ச்சி இல்லை, வண்டு விழாது, கம்பெனி வண்டி வாசலுக்கே வந்து இறக்கிவிட்டுப் போகிறது. சிறு வியாபாரி அதை விரும்புவதில் தவறில்லை. ஆனால் சென்ற ஆண்டு நடந்த ஒரு சம்பவம் நம்மை யோசிக்க வைத்தது.

தோவாளைப் பக்கம் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நம்மிடம் சரக்கு எடுப்பவர். சில வாரங்கள் அவர் வரவில்லை, மகன் வந்தான். விசாரித்துவிட்டு வீட்டுக்குப் போனோம். சர்க்கரைப் புண் முற்றி, இடது காலில் இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள். மதியம் கடையை அடைக்க முடியாமல் பிஸ்கட்டும் டீயும், மாலையில் ஒரு மிக்சர் பொட்டலமும் குளிர்பானமும் என்றே ஆண்டுக்கணக்கில் ஓட்டியிருக்கிறார். "அண்ணாச்சி, கடைக்காரன் கடைச் சரக்கத் தின்னா முதலு போவும்னு சொல்லுவாவ. எனக்கு காலே போச்சு" என்றார். நமக்குப் பதில் வரவில்லை. அந்தச் சரக்கில் பாதி நம் கடையிலிருந்து போனது.

கணக்கு என்ன சொல்கிறது?

சர்க்கரை நோய்க்கு வம்சம், வயது, உட்கார்ந்த தொழில், வெள்ளைச் சோறு எனப் பல காரணங்கள் உண்டு. பொட்டலத்தின் மேல் மட்டும் பழி போடுவது நியாயமல்ல. ஆயினும் அதற்கும் ஒரு பங்கு இருக்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நாடு முழுவதும் எடுத்த ஆய்வு 2023-ல் வெளிவந்தது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர்; நோயின் வாசலில் நிற்பவர்கள் மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 14.4 பேர், களியக்காவிளை தாண்டினால் கேரளத்தில் நூற்றுக்கு 25.5 பேர். 1956 வரை நாமும் அந்தப் பக்கம் சேர்ந்திருந்தவர்கள்தாம். சாப்பாட்டு வழக்கத்தில் இன்றும் பெரிய வித்தியாசமில்லை. உடல் பருமனும் இப்படியே. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அதிக எடையுள்ள பெண்கள் 2015-16-ல் நூற்றுக்கு 30.9 பேர், 2019-21-ல் 40.4 பேர்.

எல்லாப் பக்குவமும் கெடுதலா?

பக்குவப்படுத்திய உணவு என்றாலே கெடுதல் என்று நினைக்க வேண்டாம். அவல், கருப்பட்டி, கருவாடு, ஊறுகாய் எல்லாம் பக்குவப்படுத்தியவைதாம். பிரேசில் நாட்டுப் பேராசிரியர் கார்லோஸ் மொன்டெய்ரோ 2009-ல் இதற்கு ஒரு வகைப்பாடு சொன்னார். வீட்டு அடுக்களையில் இல்லாத நிறமி, சுவையூட்டி, பதமாக்கிப் பொருட்களைச் சேர்த்து ஆலையில் செய்வதைத் தனியே பிரித்து, மிகையாகப் பதப்படுத்திய உணவு என்றார்.

2019-ல் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் 20 பேரைத் தங்கவைத்துச் சோதித்தது. இரண்டு வாரம் இந்த வகை ஆலை உணவு, இரண்டு வாரம் சாதாரணச் சமையல். இரண்டிலும் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து ஒரே அளவில் வைத்து, வேண்டிய மட்டும் சாப்பிடச் சொன்னார்கள். ஆலை உணவு கிடைத்தபோது நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். கிட்டத்தட்ட ஒரு வேளைச் சாப்பாடு! இரண்டு வாரத்தில் எடை சுமார் 900 கிராம் கூடியது. சாதாரணச் சமையலில் அதே அளவு குறைந்தது. ஆலை உணவை அவர்கள் வேகமாகவும் சாப்பிட்டார்கள். கஞ்சியும் சிறுபயறும் சாப்பிடும்போது வயிறு போதும் என்கிறது. பொட்டலத்தில் கை நிற்பதில்லை என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளிடமே பார்க்கிறோம்.

அதற்காக நம் ஊர் ஏத்தங்காய் சிப்ஸும், முறுக்கும், பரோட்டாவும் மருந்து என்று சொல்ல வரவில்லை. எண்ணெயில் பொரித்தது எதுவானாலும் அளவு வேண்டும்.

சட்டமும் வரியும்

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிப்படி, கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் மாணவர்களுக்கு விற்கக் கூடாது. பள்ளிக்கூடம் அருகே கடை வைத்திருப்போர் இதைக் கவனிக்க வேண்டும். மறுபக்கம், 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட்டுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆகவும், மிக்சர் வகைகளுக்கு 12-லிருந்து 5 ஆகவும் குறைந்தது. விலை இறங்கினால் வாங்குவது கூடும். ஆகவே பொறுப்பும் நமக்குக் கூடுகிறது.

நாம் செய்யக் கூடியது

முதலாவது, கடை முகப்பு. குழந்தையின் கண் உயரத்தில் மட்டிப் பழக்குலையும், வறுத்த கடலையும், பொரிகடலையும் இருக்கட்டும். பொட்டலச் சரங்கள் உள்ளே போகட்டும். கேட்பவர்களுக்கு எடுத்துக் கொடுக்கலாம்.

இரண்டாவது, பற்றுப் புத்தகம். உப்பு வாங்க வரும் பிள்ளை பற்றில் ஒரு பொட்டலத்தையும் சேர்த்து எடுத்துப் போவது நாம் அறியாததல்ல. வீட்டார் சொல்லாததைப் பற்றில் எழுத வேண்டாம்.

மூன்றாவது, பொட்டலத்தின் பின்பக்கம். சேர்மானங்களை அளவில் அதிகமானது முதலில் வரும்படி அச்சிடுகிறார்கள். சர்க்கரை, மைதா, பாமாயில் முன்னே நின்றால் சரக்கு இன்னதென்று தெரிந்துவிடும். கேட்கும் வாடிக்கையாளருக்குச் சொல்வோம். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதையும் சேர்த்துச் சொல்லலாம்.

நான்காவது, நம் சாப்பாடு. மதியம் வீட்டிலிருந்து தூக்குப் போணி வரட்டும்.

வியாபாரம் படுத்துவிடாதா என்று கேட்பீர்கள். ஒரு கம்பெனி பொட்டலம் எந்தக் கடையிலும் ஒன்றுதான். பெரிய அங்காடிக்காரர் அதை நம்மைவிட மலிவாகக் கொடுப்பார். நல்ல புளி எது, புதுப் பயறு எது, கலப்படமில்லாத கருப்பட்டி எது என்று பார்த்து எடுக்கும் கண் நம்மிடம்தான் இருக்கிறது. வாடிக்கையாளர் நம்மைத் தேடி வருவது அதற்காகவே.

தோவாளை நண்பரின் கடையை இப்போது மகன் நடத்துகிறான். முகப்பை மாற்றிவிட்டான். முதல் மாதம் பொட்டல விற்பனை இறங்கியது. பயறும் கடலையும் சற்றுக் கூடியது. இரண்டும் சரிக்குச் சரி என்று சொல்ல மாட்டோம். கடை நஷ்டப்படவில்லை, அவ்வளவுதான். மதியம் அப்பாவுக்குக் கஞ்சியும் பயறுத் துவரனும் கடைக்கே வருகிறது. அவர் கல்லாவில் உட்கார்ந்து சாப்பிடுவதைச் சென்ற வாரம் பார்த்துவிட்டு வந்தோம்.

வாடிக்கையாளர் நலமாக இருந்தால்தான் நம் பேரேடு நீளும்.