கைக்கடிகாரத்தின் சாவித் தண்டு இறுகிவிட்டால்

தோட்டப்புறக் குடும்பங்களில், தந்தையோ பாட்டனாரோ அணிந்திருந்த கைக்கடிகாரம் ஒன்று பெட்டிக்குள் ஓடாமல் கிடப்பது அரிதன்று. அதிகாலைப் பெரட்டுக்கு நேரம் பார்த்துப் புறப்பட உதவிய அக்கடிகாரத்தை மீண்டும் ஓடச் செய்ய விரும்புவோர், முதலில் கைவைப்பது அதன் பக்கத்திலுள்ள சாவிக் குமிழின் மீதுதான். குமிழ் சுழலாது, வெளியேயும் வாராது. உடனே குறட்டை எடுத்துப் பற்றி இழுப்பர், தண்டு ஒடிந்துவிடும். தண்டை மாற்றிக்கொள்ளலாம் என்றாலோ, உற்பத்தி நின்றுபோன பழைய கடிகாரங்களுக்கு உதிரிப்பாகம் கிடைப்பது எளிதன்று. சிறிது பொறுமை இருந்திருந்தால் காப்பாற்றியிருக்கக்கூடிய குடும்பப் பொருள் ஒன்று இவ்வாறு பாழாகிறது.

இதைத் தவிர்க்க ஓர் உண்மையை அறிந்தால் போதும். தண்டு இழுத்து எடுப்பதற்காகச் செய்யப்பட்டதன்று. அது உள்ளே பூட்டப்பட்டிருக்கிறது. பூட்டைத் திறந்தால் அது தானாகவே வரும்.

பூட்டு எங்கே உள்ளது?

விரலால் பிடித்துத் திருகும் குமிழைப் பழுதுபார்ப்போர் ‘கிரவுன்’ என்பர். அதிலிருந்து கடிகாரத்தின் உள்ளே செல்லும் மெல்லிய எஃகுக் கம்பியே ‘ஸ்டெம்’ எனப்படும் தண்டு. தண்டின் நடுவே ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். உள்ளிருக்கும் சிறு நெம்புகோலின் முளை அப்பள்ளத்தில் அமர்ந்து தண்டைப் பிடித்துக்கொள்கிறது. அம்முளை பள்ளத்தைவிட்டு விலகினாலன்றித் தண்டு வெளியே வாராது.

பின்மூடியைத் திறந்து, உருப்பெருக்கிக் கண்ணாடியின் வழியே தண்டு நுழையும் இடத்தை அடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் மூன்று அமைப்புகளில் ஒன்று தென்படும். முதலாவது, சிறு குழியிட்ட ஒரு புள்ளி. இதனை மெல்லிய முனையுள்ள கருவியால் மெதுவாக அழுத்த வேண்டும். சில கடிகாரங்களில் குமிழ் உள்ளே தள்ளியிருக்கும்போதும், வேறு சிலவற்றில் குமிழை வெளியே இழுத்த நிலையிலும் மட்டுமே இப்புள்ளி கண்ணில் படும். இரண்டாவது, பொத்தான் போன்ற சிறு முளை. இதனையும் அழுத்த வேண்டும். மூன்றாவது, திருகாணி, பழைய கடிகாரங்கள் பலவற்றில் காண்பது இதுவே. இத்திருகாணியை ஒன்றரை அல்லது இரண்டு சுற்று மட்டுமே தளர்த்த வேண்டும். முற்றிலும் கழற்றிவிட்டால் உள்ளிருக்கும் நெம்புகோல் விழுந்துவிடும்; பின்னர் முகப்புத் தகட்டையும் முட்களையும் எடுத்தாலன்றி அதனைப் பொருத்த இயலாது.

ஒரு கையால் பூட்டை அழுத்திக்கொண்டே மறு கையால் குமிழை நேராக வெளியே எடுக்க வேண்டும். புள்ளியைத் தேவைக்கு மேல் அழுத்துவதும் உள்ளுறுப்புகளை இடம்பெயரச் செய்யும். தண்டு வெளிவந்தபின் கடிகாரத்தைக் குலுக்குதல் ஆகாது; தண்டு கோத்திருந்த சிறு பற்சக்கரங்கள் நகர்ந்துவிடக்கூடும்.

துருவினால் இறுகியிருந்தால்

பூட்டைத் திறந்தும் தண்டு அசையவில்லையெனில் காரணம் பெரும்பாலும் துருவே. வியர்வையும் மழைநீரும் குமிழின் அடியிலுள்ள இரப்பர் வளையம் தேய்ந்த வழியாகப் புகுந்து, எஃகுத் தண்டைத் துருப்பிடிக்கச் செய்கின்றன. வெளியே படிந்த அழுக்கை முதலில் பல்குச்சியால் சுரண்டி அகற்றுக. அதன்பின் துரு இளக்கும் எண்ணெயில் ஊசிமுனை அளவு எடுத்து, தண்டு நுழையும் துளையில் வைத்து ஓர் இரவு விட்டுவிடுக. மறுநாள் குமிழை இழுக்காமல், இருபுறமும் சிறிது சிறிதாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். அசைவு தோன்றிய பின்னரே பூட்டை அழுத்தி வெளியே எடுக்கலாம்.

தேங்காய் எண்ணெயை ஒருபோதும் பயன்படுத்தலாகாது; நாளடைவில் அது பசைபோல் தடித்துவிடும். துரு இளக்கும் எண்ணெயும் அளவு மீறினால் தீங்கே. அது மயிரிழை போன்ற சுருள்வில்லில் பரவினால் சுருள்கள் ஒட்டிக்கொண்டு கடிகாரம் மிக வேகமாக ஓடும். ஆகவே இம்முறையால் தண்டு வந்த பின்பும், கடிகாரத்தை முழுமையாகத் துப்புரவு செய்விப்பது அவசியம்.

ஒடிந்த தண்டும் படிகாரமும்

தண்டு ஒடிந்து அதன் மரையுள்ள துண்டு குமிழுக்குள் சிக்கிக்கொண்டால் குமிழை எறிந்துவிட வேண்டியதில்லை. நம் வீடுகளில் அறிந்த படிகாரமே இதற்கு உதவும். படிகாரக் கரைசல் எஃகை மெல்ல அரித்துக் கரைக்கும். பித்தளைக்குக் கேடு செய்யாது. கண்ணாடிக் குவளையில் வெந்நீர் ஊற்றி, கரையுமளவு படிகாரம் கரைத்து, குமிழை மட்டும் அதில் இட வேண்டும். எஃகுத் துண்டிலிருந்து சிறு குமிழிகள் எழுவதைக் காணலாம். சில மணி நேரத்திலிருந்து இரண்டொரு நாள்வரை ஆகலாம். கரைசலை வெதுவெதுப்பாக வைத்திருந்தால் விரைவில் கரையும். பின்னர் நன்னீரில் கழுவி உலர்த்துக.

இம்முறை பித்தளைக் குமிழுக்கு மட்டுமே உரியது. எஃகால் ஆன குமிழுக்கும், உட்புறம் எஃகுச் சுருள்வில் கொண்ட திருகுமூடிக் குமிழுக்கும் ஆகாது. கடிகார இயந்திரத்தை எக்காரணத்தைக் கொண்டும் கரைசலில் இடலாகாது. அதன் எஃகுப் பாகங்கள் யாவும் அழிந்துபோகும்.

புதிய தண்டு தேவைப்பட்டால் இயந்திரத்தின் மீது பொறிக்கப்பட்டுள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்வது நலம். அவ்வெண்ணைக் கொண்டே பொருத்தமான தண்டைத் தேடுவர். பல தண்டுகளின் மரை 0.9 மில்லிமீட்டர் தடிப்பே உடையது. புதிய தண்டு நீளமாகவே வரும். சிறிது சிறிதாக வெட்டி அளவு பார்க்க வேண்டும். குறைத்ததை மீண்டும் நீட்ட முடியாதன்றோ!

எங்கே நிறுத்துவது?

பின்மூடியே இல்லாத, கண்ணாடியின் வழியாகத் திறக்கும் கடிகாரங்களில் தண்டு இரண்டு துண்டாக ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருக்கும். அவற்றையும், தண்டு இயந்திரத்தினுள்ளேயே ஒடிந்தவற்றையும் அனுபவமுள்ள பழுதுபார்ப்போரிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை. 1970ஆம் ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட, இருளில் ஒளிரும் முகப்புடைய கடிகாரங்கள் சிலவற்றில் ரேடியம் பூசப்பட்டிருக்கும். அதன் தூள் உடலுக்குத் தீங்கானதாகையால் அவற்றை வீட்டில் திறத்தலாகாது. மின்கலக் கடிகாரமாயின் கழற்றிய மின்கலத்தைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும். விழுங்கினால் இரண்டு மணி நேரத்திற்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். அவ்வாறு நேர்ந்தால் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

வருமுன் காத்தல்

நேரம் திருத்தியதும் குமிழை முழுவதும் உள்ளே அழுத்திவிடுக. திருகுமூடிக் குமிழாயின் இறுதிவரை திருகி மூடுக. சாவி கொடுக்கும்போது கடிகாரத்தைக் கையிலிருந்து கழற்றிக்கொள்க. அணிந்தபடியே கொடுத்தால் தண்டு ஒருபக்கமாக வளைந்து நாளடைவில் ஒடியும். வேலை முடிந்து வந்ததும் உலர்ந்த துணியால் வியர்வையைத் துடைத்து வைக்கவும்.

இத்தொழிலைக் கற்க விரும்பும் இளைஞர்கள், எவருக்கும் வேண்டாத பழைய கடிகாரங்களில் முதலில் பழகிக்கொள்வார்களாக. பூட்டைக் கண்டறியும் கண்ணும், இழுக்காமல் காத்திருக்கும் கையும் அமைந்தபின், வீட்டுப் பெரியவரின் கடிகாரத்தைத் தொடலாம்.