வடையும் மூன்றுசுழி ‘ண’வும்: தடித்த எழுத்துரு எப்படி இயங்குகிறது?

உளுந்து வடைக்கு ஓட்டை எதற்கு? அழகுக்கு என்று நினைப்பவர்கள் ஒருநாள் ஓட்டை போடாமல் சுட்டுப் பார்க்கலாம். வெளியே பொன்னிறம், நடுவில் பச்சை மாவு. கொழுத்து உருண்ட தலைப்பு எழுத்துகளுக்கும் உயிர் ஓட்டையில்தான் இருக்கிறது.

‘பாலு தம்பி’யை எடுத்துக்கொள்வோம். மும்பையின் ஏக் டைப் குழுவினர் 9 இந்திய எழுத்துமுறைகளுக்கு உருவாக்கிய பாலு எழுத்துருவின் தமிழ் வடிவம் இது. தெலுங்கில் தம்முடு, மலையாளத்தில் சேட்டன் என்று பெரும்பாலான வடிவங்களுக்கும் உடன்பிறப்புப் பெயர்கள். கட்டணம் கிடையாது, யாரும் பயன்படுத்தலாம்.

மாவு

ஈரக் கையில் உருட்டிய மாவுக்கு மூலை கிடையாது. இத்தகைய எழுத்திலும் கோட்டின் முனை விரல்நுனிபோல் உருண்டு முடியும். கோடு எங்கும் ஒரே தடிமனாகத் தெரியும். ஆனால் அளந்தால் அப்படி இருக்காது. சம தடிமனில் வரைந்தால் படுக்கைக்கோடு பருத்துத் தெரியும் என்பதால், அதை இம்மியளவு மெலிதாக்குவது வழக்கம்.

ஓட்டை

‘ப’வை எவ்வளவு வேண்டுமானாலும் தடிக்க வைக்கலாம். சிக்கல் மூன்றுசுழி ‘ண’வில். கோடு பருக்கப் பருக்க உள்ளே இருக்கும் வெள்ளை இடம் அடைபடும். காபித்தூள் பாக்கெட்டில் ‘மணம்’ என்று அடித்தது ‘மனம்’ ஆகிவிடும். அதனால் கனம் கூடும்போது அகலத்தையும் கூட்ட வேண்டும். நெருக்கமான இடத்தில் கோட்டைச் சற்று இளைக்க வைக்க வேண்டும். வடையைத் தட்டி அகலமாக்கி, பிறகு விரலை விடுகிறோமே, அதே வேலை.

எண்ணெய்

எண்ணெயில் வடை உப்ப, ஓட்டை சுருங்கும். தெரிந்த கை முதலிலேயே ஓட்டையைப் பெரிதாகப் போடும். மட்டமான தாளில் மை பரவும். இரவில் ஒளிரும் போர்டில் வெளிச்சம் கசியும். இரண்டுமே சுழியை அடைக்கும். அதற்கும் சேர்த்து இடம் விட்டு வரைவதுதான் தொழில் நுணுக்கம்.

பரிமாறல்

வடை பக்கத்தில் வைப்பது. அதுவே சாப்பாடு ஆகாது. கடைப் பெயர்ப்பலகை, மிக்சர் பாக்கெட், சிறுவர் புத்தக அட்டை, யூடியூப் முகப்புப்படம் ஆகியவற்றில் இரண்டு மூன்று சொற்களுக்கு இந்த எழுத்து பொருந்தும். ஒரு பத்தி முழுக்க வைத்தால் திகட்டும். இரண்டு வரி என்றால் இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். இல்லையேல் மேல்வரிக் ‘கு’வின் வால் கீழ்வரி மெய்யெழுத்தின் புள்ளியில் இடிக்கும்.

அச்சுக்கு அனுப்பும் முன் உண்மையான அளவில் ஒரு பிரதி எடுத்துச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். அப்பத்தைத் தின்னச் சொன்னால் குழியை எண்ணக் கூடாது என்பார்கள். தடித்த எழுத்தில் மட்டும் குழியை எண்ணித்தான் ஆகவேண்டும்.