‘ஆம்’ என்போரே அதிகம்

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் தக்காளி வாங்க வரும் வியாபாரி பெட்டியின் மேலடுக்கைப் பார்த்து விலை சொல்ல மாட்டார். மேலே இருப்பது எப்போதும் நல்ல பழம்தான். அடுக்கியவர் அப்படித்தான் அடுக்குவார். வியாபாரி பக்கவாட்டில் விரலை நுழைத்து, அடியிலிருந்து ஒரு பழத்தை இழுத்துக் காம்புப் பக்கம் அமுக்கிப் பார்ப்பார். முருங்கைக்காய்க் கட்டு என்றால் நடுவிலிருந்து ஒரு காயை உருவி, லேசாக முறுக்குவார். மேலடுக்கு பொய் சொல்கிறது என்று அவர் நினைப்பதில்லை. எல்லாப் பெட்டியிலும் அது ஒரே மாதிரி இருப்பதால் எதையுமே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

தேர்தல் நெருங்கினால் அதே மார்க்கெட்டின் டீக்கடைக்கு வேறொரு சரக்கு வந்து இறங்கும். ‘நம்ம எம்.எல்.ஏ. என்ன செஞ்சார்?’ ரோடு போட்டது, போடாதது, தண்ணீர் வந்தது, வராதது எல்லாம் அங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் எம்.எல்.ஏ. என்ற மூன்றெழுத்துக்குப் பொருள் சட்டமன்ற உறுப்பினர். சட்டம் இயற்றும் இடத்தில் அவர் என்ன செய்தார்? இந்தக் கேள்வி விழுந்ததும் டீக்கடை அமைதியாகிவிடும். அந்த அமைதிக்குக் காரணம் அக்கறையின்மை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் அது ஒரு அளவீட்டுச் சிக்கல்.

அமெரிக்காவில் இந்தக் கேள்விக்குப் பதில் வரிசை கட்டி நிற்கும். அங்கே செனட்டர் ஒருவர் ஜனாதிபதி தேர்தலில் நின்றால், பெயர் சொல்லி எண்ணிய வாக்கெடுப்புகளில் அவர் பல ஆண்டுகளாக ‘ஆம்’, ‘இல்லை’ என்று சொன்ன ஒவ்வொன்றும் பதிவாகி இருக்கும். கீத் பூல், ஹோவர்ட் ரோசென்தால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1980-களில் இந்தப் பதிவுகளை வைத்து ஒரு விந்தை செய்தார்கள். மசோதாக்களில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்க்கவே இல்லை. யார் யாரோடு சேர்ந்து வாக்களித்தார் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களை ஒரே வரிசையாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாக்கெடுப்பும் அந்த வரிசையை எங்கோ ஓரிடத்தில் வெட்டுகிறது: இந்தப் பக்கம் ‘ஆம்’, அந்தப் பக்கம் ‘இல்லை’. ஒரு வெட்டை வைத்து யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்ல முடியாது. ஆயிரம் வெட்டு விழுந்தபின், பெரும்பாலான வெட்டுகளோடு பொருந்திவரும் வரிசை ஒன்று தானாகத் தெளிந்து வரும். இடதுகோடியில் யார், வலதுகோடியில் யார், நடுவில் ஊசலாடுபவர் யார் என்று அது காட்டிவிடும்.

அதிலும் கோளாறு உண்டு. 2004-ல் ஜனாதிபதி வேட்பாளராக நின்ற ஜான் கெர்ரியை, முந்தைய ஆண்டு வாக்குகளின்படி செனட்டிலேயே மிகவும் இடதுசாரி என்று ‘நேஷனல் ஜர்னல்’ இதழ் கணக்கிட்டது. 2008-ல் அதே பட்டம் பராக் ஒபாமாவுக்குப் போனது. இரண்டு பேருமே கணக்குக்கு எடுத்த ஆண்டில் பிரசாரத்துக்காக நாடு முழுக்க அலைந்து, ஏராளமான வாக்கெடுப்புகளுக்கு வராமல் இருந்தவர்கள். கட்சி கட்டாயம் தேவை என்று கூப்பிட்ட நாட்களில் வந்து கட்சியோடு வாக்களித்தால், மிச்சம் இருக்கும் பதிவு கடுங்கட்சிக்காரருடையது போலத்தான் தெரியும். வராத நாளும் மதிப்பெண்ணை நகர்த்துகிறது.

நம் ஊருக்கு வருவோம். சென்னை கோட்டையில் மசோதா வாக்குக்கு வரும்போது பேரவைத் தலைவர், ஏற்போர் ‘ஆம்’ என்க, மறுப்போர் ‘இல்லை’ என்க என்பார். இரண்டு பக்கமும் குரல் எழும். ‘ஆம்’ என்போரே அதிகம், மசோதா நிறைவேறியது. சில விநாடிகளில் முடிந்துவிடும். யார் குரல் எழுப்பினார், யார் வாயசைத்தார், யார் கேன்டீனில் இருந்தார் என்பது எந்த ஏட்டிலும் ஏறாது. டிவிஷன் கேட்டால்தான் தலை எண்ணுவார்கள். அது அபூர்வம்.

சரி, ஒவ்வொரு முறையும் பெயர் சொல்லி எண்ணினால்? அப்போதும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஏன் என்று சொல்ல கிளாட் ஷானன் வேண்டும்.

பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஷானன் 1948-ல் வெளியிட்ட கட்டுரைதான் இன்றைய கைபேசி, இணையம் எல்லாவற்றுக்கும் அடித்தளம். தகவல் என்பதை வியப்பால் அளக்கலாம் என்பது அதன் அடிப்படை. பூவா தலையா என்று ஒரு நல்ல காசைச் சுண்டினால், விழுந்த பக்கம் நமக்குத் தருவது 1 பிட் தகவல். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை தலையே விழும் காசு என்றால், ஒரு சுண்டலுக்குச் சராசரியாக 0.08 பிட்தான். இரண்டு பக்கமும் தலை உள்ள காசு, ‘ஷோலே’ படத்தில் வருமே, அது தருவது சுத்தமாக 0. ஆயிரம் தடவை சுண்டி ஆயிரம் வரி எழுதி வைத்தாலும் 0-தான். மார்க்கெட் வியாபாரி மேலடுக்கைப் பார்க்காததும் இந்தக் கணக்குதான். அவர் ஷானனைப் படித்திருக்கத் தேவையில்லை.

நம் உறுப்பினர்களின் வாக்கு இரட்டைத் தலைக் காசானது 1985-ல். 1967-ல் ஹரியானாவில் கயா லால் என்ற உறுப்பினர் இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை கட்சி மாறி ‘ஆயா ராம், கயா ராம்’ என்ற சொலவடைக்குக் காரணமானார். அந்த வியாதிக்கு மருந்தாக அரசியல் சாசனத்தின் 52-வது திருத்தம் பத்தாவது அட்டவணையைக் கொண்டுவந்தது. கட்சியின் கட்டளைக்கு மாறாக வாக்களித்தாலும் சரி, வாக்களிக்காமல் ஒதுங்கினாலும் சரி, 15 நாளுக்குள் கட்சி மன்னிக்காவிட்டால் பதவி போகலாம். ஆட்சியைக் கவிழ்க்கும் வாக்கெடுப்புக்கு மட்டுமல்ல, எந்தச் சில்லறை மசோதாவுக்கும் இது பொருந்தும். வியாதிக்கு மருந்து கொடுத்ததில் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மாத்திரையோடு உறுப்பினரின் வாக்கு அவரைப் பற்றிப் பேசுவதும் நின்றுபோனது. பூல்–ரோசென்தால் முறையை நம் பேரவையில் போட்டுப் பார்த்தால் வரிசை வராது. கட்சிக்கு ஒரு புள்ளி வரும். எல்லோரும் ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்திருப்பார்கள்.

அந்தக் கட்டளையை உறுப்பினர்களுக்குக் கொண்டுசேர்ப்பவர் பெயர் கொறடா. மராத்தியில் கோரடா என்றால் சாட்டை. இங்கிலாந்தில் நரி வேட்டைக்குப் போகும்போது நாய்கள் கூட்டத்தைவிட்டு ஓடாமல் சாட்டையோடு பார்த்துக்கொள்ளும் ஆளின் பெயர்தான் அந்த நாட்டுப் பாராளுமன்றத்தில் பதவிப் பெயராகி, நம்மிடம் சாட்டையாகவே வந்து சேர்ந்தது. ஒட்டன்சத்திரத்துக்கும் அந்தச் சாட்டைக்கும் சம்பந்தம் உண்டு. 1996 முதல் 2021 வரை நடந்த ஆறு பொதுத் தேர்தலிலும் இந்தத் தொகுதியில் தொடர்ந்து வென்ற அர. சக்கரபாணி, 2016-ல் அமைந்த பேரவையில் தி.மு.க.வின் கொறடா. கட்சி மாநில அளவில் தோற்ற 2001-லும் 2011-லும்கூட வென்றவர் அவர். ஒரு உறுப்பினரின் வாக்குப் பதிவை வைத்து அவரை எடைபோடலாம் என்று கிளம்பும் ஒட்டன்சத்திரத்து ஆள், பதிவுகளை ஒரே மாதிரி ஆக்குவதையே பொறுப்பாகக் கொண்டவரின் வாசலில் போய் நிற்கிறார்.

தலை எண்ணிய அபூர்வ நாள் ஒன்று 2017 பிப்ரவரி 18. அ.தி.மு.க. பிளவுபட்டிருந்த நேரத்தில் முதல்வர் எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை வாக்கு கோரினார். ரகசிய வாக்கெடுப்பு கேட்ட தி.மு.க. உறுப்பினர்கள் அமளிக்குப் பின் வெளியேற்றப்பட்டார்கள். மிச்சம் இருந்தவர்களை பிளாக் பிளாக்காக எழுப்பி எண்ணினார்கள்: ஆதரவு 122, எதிர்ப்பு 11. ஷானன் கணக்கில் எதிர்த்து எழுந்து நின்ற ஒருவரின் வாக்குக்கு சுமார் 3.6 பிட், ஆதரித்தவருடையதற்கு ஒரு பிட்டில் எட்டில் ஒரு பங்கு. ஆனால் இது காகிதக் கணக்கு. கூவத்தூர் விடுதியில் யார் இருந்தார், ஓ. பன்னீர்செல்வம் வீட்டில் யார் இருந்தார் என்று பத்து நாளாக டி.வி.யில் பார்த்த தமிழ்நாட்டுக்கு அந்த 11-ல் என்ன வியப்பு? தகவலின் அளவு பதிவேட்டில் மட்டும் இல்லை, படிப்பவருக்கு முன்பே என்ன தெரியும் என்பதிலும் இருக்கிறது.

பிறகு நடந்ததுதான் வியப்பு. கட்டளையை மீறி வாக்களித்த 11 பேரைத் தகுதி நீக்கம் செய்யக் கோரி நீதிமன்றம் போனவர்களில் முக்கியமானவர் எதிர்க்கட்சிக் கொறடாவான சக்கரபாணி. 2018 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளியது; 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் முடிவைப் பேரவைத் தலைவரிடமே விட்டது. 11 பேரும் பதவி இழக்கவில்லை. அவையில் எதிர்த்து வாக்களிக்காமல், ஆளுநரிடம் கடிதம் மட்டும் கொடுத்த 18 பேர் 2017 செப்டம்பரிலேயே பதவி இழந்தார்கள். நம் மாவட்டத்து நிலக்கோட்டையும் அந்தப் பட்டியலில் இருந்தது.

அப்படியானால் பெட்டிக்குள் கைவிட இடமே இல்லையா? உண்டு, ஆனால் வாக்கில் இல்லை, கேள்வி நேரத்தில். பேரவைக் குறிப்புகளைப் புரட்டினால் கேள்விகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். அ) இன்ன தொகுதியில் இன்ன ஊரில் இன்னது அமைக்க அரசு ஆவன செய்யுமா? பதில் ‘இல்லை’ என்றால் அடுத்தது: ஆ) ஏன்? அமைச்சரின் பதிலில் சில நேரம் ‘எழவில்லை’ என்ற ஒற்றைச் சொல் வரும். முதல் பதிலோடு இரண்டாவது கேள்விக்கே வேலை போய்விட்டது என்று அர்த்தம். அந்த ‘ஆவன’ எனக்கு ரொம்பப் பிடித்த சொல். ஆக வேண்டியவை எல்லாவற்றையும் மூன்றெழுத்தில் அடக்கி, எதையும் ஒப்புக்கொள்ளாமல் நகர்ந்துவிடலாம். சுவாரசியம் துணைக் கேள்வியில் இருக்கிறது. அதற்கு அச்சு கிடையாது. தொகுதியை நடந்து பார்த்தவரா, யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பவரா என்பது அங்கே நாலு வரியில் தெரிந்துவிடும். அமைச்சர் அவையில் கொடுத்த வாக்குறுதியைப் பின்தொடர அரசு உறுதிமொழிக் குழு என்றே ஒன்று இருக்கிறது. அந்தக் குழுவின் அறிக்கையை டீக்கடையில் யாரும் மேற்கோள் காட்டி நான் கேட்டதில்லை.

கேள்விகளை எண்ணிப் போட்டால் போதுமா என்றால், அதுவும் ஏமாற்றும். டெல்லியின் பி.ஆர்.எஸ். நிறுவனம் எம்.பி.க்களின் வருகை, கேள்வி, விவாதம் எல்லாவற்றையும் பட்டியலிடுகிறது, நல்ல வேலை. ஆனால் அமைச்சர் கேள்வி கேட்க முடியாது, பதில்தான் சொல்ல வேண்டும். சக்கரபாணி 2021 மே மாதம் உணவுத்துறை அமைச்சரானார். அன்று முதல் அவர் கேட்ட கேள்வி 0 என்று யாராவது பட்டியல் போட்டால் அது சரியான எண், தப்பான செய்தி. 2005 டிசம்பரில் பணம் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்டதாக 11 எம்.பி.க்கள் பதவி நீக்கப்பட்டார்கள். எண்ணிக்கைப் பட்டியலில் அந்தக் கேள்விகளும் மற்றவர்களுடையது போல கேள்விக்கு ஒன்று கூட்டும்.

காலம் வேறு குறுக்கே நிற்கிறது. சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் துணைத்தலைவராக இருந்த முத்துலட்சுமி ரெட்டி, கோவிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடைசெய்யும் மசோதாவை 1930-ல் கொண்டுவந்தார். அதே ஆண்டு காந்தியின் கைதைக் கண்டித்துப் பதவி விலகினார். சட்டம் நிறைவேறியது 1947-ல். பதவி விலகிய நாளில் அவருடைய கணக்கைப் பார்த்திருந்தால் அந்த மசோதா தோல்வி வரிசையில்தான் இருந்திருக்கும். திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. பல பத்தாண்டுகளில் ஓர் அவை நிறைவேற்றிய முதல் தனிநபர் மசோதா. அதுவும் சட்டமாகவில்லை. 2019-ல் அரசு தன் சொந்த மசோதாவைச் சட்டமாக்கியது. இதில் சிவாவின் பங்கு எத்தனை சதவீதம்? சொல்லும் தராசு எந்த மண்டியிலும் இல்லை.

கட்சியின் சாட்டை எட்டாத வாக்கு ஒன்று எம்.எல்.ஏ. கையில் இருக்கிறது. குடியரசுத் தலைவர் தேர்தலில் கட்சி கொறடா உத்தரவு போட முடியாது. 1969-ல் மனச்சாட்சிப்படி வாக்களியுங்கள் என்று இந்திரா காந்தி தரப்பு சொல்லி, காங்கிரஸின் அதிகாரப்பூர்வ வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி தோற்று வி.வி. கிரி வென்றது இந்தச் சந்தில்தான். 2022 ஜூலை 18 அன்று நடந்த தேர்தலில் இரண்டு வேட்பாளர்களுக்குமே சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ பதிவு இருந்தது: யஷ்வந்த் சின்ஹா இரண்டு அவைகளிலும் இருந்தவர், நிதியமைச்சராக பட்ஜெட் போட்டவர், திரௌபதி முர்மு ஒடிசாவின் ராய்ரங்பூர் எம்.எல்.ஏ.வாக இரண்டு முறை இருந்து, 2007-ல் சிறந்த உறுப்பினருக்கான நீலகண்ட விருது பெற்றவர்.

தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒவ்வொருவருக்கும் அந்தத் தேர்தலில் வாக்கு மதிப்பு 176. 1971 மக்கள்தொகையான 4,11,99,168-ஐ 234-ஆல் வகுத்து, மறுபடி 1,000-ஆல் வகுத்தால் வரும் எண். சிக்கிம் உறுப்பினருக்கு 7, உத்தரப் பிரதேசத்தாருக்கு 208. ஒட்டன்சத்திரத்துக்கு அன்றிலிருந்து எத்தனை பேர் குடிவந்தாலும் 176-தான். எம்.எல்.ஏ.க்களுக்கு இளஞ்சிவப்பு வாக்குச்சீட்டு, எம்.பி.க்களுக்குப் பச்சை. சொந்தப் பேனாவை எடுத்தால் சீட்டு செல்லாது. தேர்தல் ஆணையம் தரும் ஊதா மைப் பேனாவால் பெயருக்கு நேரே 1 என்று எழுத வேண்டும். முடிவில் மாநில வாரியாக எண்ணிச் சொல்வார்கள்.

ஆளின் மனசு மட்டும் தீர்மானித்த, முழு 1 பிட் தரக்கூடிய வாக்கு அது. சீட்டில் பெயர் கிடையாது, கையெழுத்து கிடையாது. மடித்து, பெட்டியில் போட்டுவிட்டு, பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.