சாமி ஆடுவது நோயா?

மாசி மகத் தேரன்று மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வீதியில் ஒரு பெண் கூந்தல் அவிழ, கண் செருக, உடம்பு குலுங்க ஆடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கூட்டம் வழிவிடுகிறது. ஒருவர் மஞ்சள் தண்ணீர் ஊற்ற, இன்னொருவர் விபூதிக்குக் கைநீட்டுகிறார். ஆட்டம் அடங்கியதும் அவள் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தம்புள்ளை பஸ் ஏறி நாலந்தாவில் இறங்கிவிடுகிறாள். மறுநாள் வழக்கம்போல் மிளகு பறிக்கப் போகிறாள். அவளை யாரும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நினைக்கமாட்டார்கள்.

அதே ஆட்டம் அவள் வேண்டாம் என்றாலும் அடுப்படியில் அடிக்கடி வருகிறது, பிள்ளை மிரள்கிறது, வேலை கெடுகிறது என்றால் கதை வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாடு 2022இல் நடைமுறைக்கு வந்தது. ஆவேச நிலையை அது நோயாகக் கொள்வது எப்போது? அது ஒருவரின் விருப்பத்தை மீறி வரவேண்டும். அந்தச் சமூகத்தின் வழிபாட்டிலோ வழக்கத்திலோ சேராததாக இருக்கவேண்டும். அவருக்குத் துன்பத்தையோ முடக்கத்தையோ தரவேண்டும்.

'இயல்பு பிறழ்ந்தது' என்று தீர்மானிக்க உளவியலாளர்கள் பல அளவுகோல்களைக் கையாள்கிறார்கள். அரிதாக இருப்பது ஒன்று. இதைத் தனியாக நம்பினால் அபார ஞாபகசக்தி உள்ள பிள்ளையும் நோயாளியாகிவிடும். ஊர் வழக்கத்தை மீறுவது இன்னொன்று. இது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு அமெரிக்காவே சாட்சி: தன்பால் ஈர்ப்பை அங்குள்ள உளமருத்துவச் சங்கம் 1973 வரை நோய்ப் பட்டியலில் வைத்திருந்தது. மூன்றாவது, ஒருவர் படும் வேதனை. ஆனால் மிதமிஞ்சிய உற்சாகத்தில் கையிருப்பையெல்லாம் செலவழித்துத் தீர்ப்பவருக்கு அந்த நேரத்தில் வேதனையே தெரியாது. நான்காவது, அன்றாட வாழ்வு முடங்குவது. என்னைக் கேட்டால் வீட்டுக்காரர்கள் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான். தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்பது கடைசி. சினிமா இதைத்தான் முதலில் காட்டுகிறது; உண்மையில் மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை.

இந்த அளவுகோல்களை ஊர் பார்க்காமல் வைக்கலாமா என்று கேட்டவர் நம் மாத்தளை மாவட்டத்தை அறிந்தவர். நாலந்தாவுக்குக் கிழக்கே மலைகளுக்கு அப்பால் இருக்கும் லக்கலயில் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர, 1985இல் மனச்சோர்வு பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஓர் இழப்பில் தொடங்கும் நம்பிக்கையின்மை வாழ்க்கை முழுவதற்கும் பரவுவதே மனச்சோர்வின் உட்கரு என்று இரண்டு பிரித்தானிய ஆய்வாளர்கள் சொல்லியிருந்தார்கள். வாழ்வே துக்கம் என்று இலங்கையில் ஒருவர் சொன்னால் அவர் நோயாளி அல்ல, நல்ல பௌத்தர் என்றார் ஒபேசேகர. அத்தோடு விடவில்லை. நம் பக்கத்து வைத்தியர் ஒருவர், விந்து வீணாவதால் வருவதாக நம்பப்படும் 'தாது நஷ்ட' நோயின் அறிகுறிப் பட்டியலோடு அமெரிக்காவில் இறங்கினால் அங்கேயும் ஏராளமான நோயாளிகளைக் கண்டுபிடிப்பாரே என்று கேலியும் செய்தார். லாட்ஜ் வைத்தியர்களின் விளம்பரங்களைப் பார்த்து வளர்ந்த தமிழருக்கு இந்தக் கேலி உடனே புரியும்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதைச் சாக்காக்கக்கூடாது. 'எல்லாம் தலையெழுத்து' என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறவர் வேறு. இரண்டு வாரமாக நாளின் பெரும்பொழுதும் மனம் இருண்டு, தூக்கமும் பசியும் போய், பிடித்த எதிலும் ஒட்டாமல், தன்னையே குற்றவாளியாக நினைத்துக் கிடப்பவர் வேறு. பின்னவருக்கு இருப்பது தத்துவம் அல்ல, மனச்சோர்வு. நம்மவர்கள் அதைக் கவலை என்று சொல்வதே குறைவு. தலைப்பாரம், உடம்பு அசதி, நெஞ்செரிவு என்றுதான் ஓபிடி வரிசையில் நிற்பார்கள்.

பதகளிப்பு நோயில் காரணம் சிறிதாகவும் பயம் பெரிதாகவும் மாதக்கணக்கில் நீளும். திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சுமுட்டி, செத்துவிடுவோமோ என்று ஓடி ஈசிஜி எடுத்தால் ஒன்றுமில்லை என்று வரும். இதயத்தில் ஒன்றுமில்லை, சரி. அவருக்கு ஒன்றுமே இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. எண்ணச் சுழற்சி நோயில், கை சுத்தமாகத்தான் இருக்கிறது என்று தெரிந்தும் தோல் உரியும் வரை கழுவுவார்கள்.

மனச்சிதைவு பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலோ இருபதுகளிலோ தலைகாட்டும். ஆளில்லாமல் குரல் கேட்கும். சொந்தத் தாயே விஷம் வைக்கிறாள் என்று தோன்றும். 'செய்வினை வச்சிட்டாங்க' என்று குடும்பம் கோடாங்கியைத் தேடுவதும் இங்கேதான். தாயத்துக் கட்டட்டும், யாரும் தடுக்கவில்லை. ஆனால் மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள். சிகிச்சை தாமதித்தால் குணமும் தாமதிக்கும்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் மனநல சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவும் 1998இல் நீக்கப்பட்டுவிட்டது. பொலிஸுக்குப் பயந்து வைத்தியரிடம் மறைக்கவேண்டியதில்லை. வீட்டில் யாருக்காவது இந்த அறிகுறிகள் தெரிந்தால் மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். உடனே போக வழியில்லை என்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்; இரவிலும் எடுப்பார்கள்.