லேப்டாப் வாரண்டி: தானாக உடைந்ததா, நாம் உடைத்ததா?

ஐம்பதாயிரம், அறுபதாயிரம் கொடுத்து வாங்கிய லேப்டாப் மக்கர் செய்யத் தொடங்கும்போதுதான் நம்மில் பலர் பில்லைத் தேடுகிறோம். தேடி எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனால், “இது சிஐடி, வாரண்டியில் வராது” என்கிறார்கள். வாடிக்கையாளரால் ஏற்பட்ட சேதம் என்பதற்கு அங்கே வழங்கும் சுருக்கம் இது. லேப்டாப் தகராறுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் முட்டி நிற்கின்றன. வாரண்டி என்பது தயாரிப்புக் குறைக்கான பொறுப்பு மட்டுமே. ஆகவே பழுது தானாக வந்ததா, நாம் வரவழைத்ததா என்பதைப் பொறுத்துத்தான் யார் பணம் கட்டுவது என்பது முடிவாகிறது. வாசகர்களுக்குப் பொதுவாக எழும் சந்தேகங்களை இந்தக் கோணத்தில் பார்ப்போம்.

லேப்டாப்பை ஒருமுறைகூடக் கீழே போட்டதில்லை. ஆனால் ஒரு பக்க ஹிஞ்ச் பெயர்ந்து, திரையின் ஓரம் பிளந்துவிட்டது. இதை நான் உடைத்ததாகச் சொல்கிறார்களே?

நடுத்தர விலை லேப்டாப்களில் மிகவும் சகஜமான பழுது இது. அதிகமான வாய்த்தகராறும் இதில்தான் வருகிறது. உள்ளே நடப்பது இதுதான்: ஹிஞ்ச் இரும்பு, அதைப் பிடித்திருக்கும் உடம்பு பிளாஸ்டிக். பிளாஸ்டிக்கில் புதைத்த சின்னச் சின்னப் பித்தளை நட்டுகளில்தான் ஹிஞ்சின் ஸ்க்ரூக்கள் இறங்குகின்றன. நாளாக ஆக ஹிஞ்ச் இறுகும். இறுகிய ஹிஞ்சை ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கித் திறந்தால் மொத்த பாரமும் ஒரு பக்க நட்டுகளில் விழும். ஒருநாள் அவை பிளாஸ்டிக்கோடு பிய்த்துக்கொண்டு வரும். கீழே விழ வேண்டிய அவசியமே இல்லை.

முதல் அறிகுறி சத்தம். மூடும்போது ‘டக்’ என்று கேட்கும். பிறகு மூலையில் நகம் நுழைகிற அளவுக்கு இடைவெளி தெரியும். இந்தக் கட்டத்திலேயே நாலு பக்கமும் போட்டோ எடுத்து, நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சலில் புகார் பதிய வேண்டும். விழுந்த அடையாளமோ கீறலோ இல்லாத உடம்பில் ஹிஞ்ச் மட்டும் பெயர்ந்திருப்பதை அந்தப் படங்கள் காட்டும். திரையும் உடைந்த பிறகு போனால் உங்கள் வாதத்துக்குச் சான்று இருக்காது. “உடைந்திருக்கிறது, எனவே நீங்கள்தான் உடைத்தீர்கள்” என்பது என் பார்வையில் காரணமே அல்ல. எதை வைத்து அப்படி முடிவு செய்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்வதை எழுதித் தரத் தயங்குவார்கள் என்றால், அதுவும் உங்களுக்குச் சாதகம்தான்.

வாரண்டி முடிந்த லேப்டாப் என்றால் வெளிக்கடையில் சரிசெய்யலாம். பசை போட்டு நட்டுகளை மறுபடி உட்கார வைப்பது மலிவு. உடம்பின் அந்தப் பகுதியையே மாற்றுவது செலவு. எதைச் செய்தாலும், ஹிஞ்சின் இறுக்கத்தைத் தளர்த்தித் தரச் சொல்லுங்கள். தளர்த்தாமல் ஒட்டினால் அதே இடம் மறுபடி பெயரும்.

மூன்று வருட வாரண்டி என்றுதான் வாங்கினேன். ஒன்றரை வருடத்தில் பேட்டரி போய்விட்டது. அதற்கு வாரண்டி இல்லை என்கிறார்கள்.

விதிமுறைகளின் சின்ன எழுத்தில் பேட்டரிக்குத் தனி வரி இருக்கும். லேப்டாப்புக்கு மூன்று ஆண்டு கொடுக்கும் நிறுவனங்களில் பலவும் பேட்டரிக்கு ஓராண்டுதான் தருகின்றன. தேய்ந்துபோகும் பொருள் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மையும் இருக்கிறது. சாதாரண லேப்டாப்பின் லித்தியம் அயான் பேட்டரி 300 முதல் 500 முழு சார்ஜ் சுழற்சிகளில் அதன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழப்பது இயல்பு.

ஆனால் இயல்பான தேய்மானம் வேறு, குறையுள்ள பேட்டரி வேறு. விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுக்கும் வசதி இருக்கிறது. அதில் வடிவமைப்புக் கொள்ளளவு, இப்போதைய முழு சார்ஜ் கொள்ளளவு என்று இரண்டு எண்கள் வரும். 42,000 மில்லிவாட் அவர் கொண்ட பேட்டரி எட்டே மாதத்தில் 25,000க்கு வந்திருந்தால், அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போங்கள். வாங்கிப் பத்தாவது, பதினோராவது மாதத்தில் இந்த ரிப்போர்ட்டை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பன்னிரண்டு மாதம் முடிந்த பிறகு பார்த்துப் பயனில்லை.

எப்போதும் சார்ஜரிலேயே வைத்து வேலை செய்பவர்கள், 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் அமைப்பைப் போட்டுக்கொள்ளலாம். நிறுவனங்களின் சொந்தச் செயலியில் அது பெரும்பாலும் இருக்கும். முழு சார்ஜும் சூடும் சேர்ந்துதான் பேட்டரியைச் சீக்கிரம் கொல்கின்றன. மெத்தைமேல் வைத்து ஓட்டினால் காற்றோட்டம் அடைபட்டு அந்தச் சூடு கூடும். டச்பேட் மேலே எழும்பினாலோ லேப்டாப் மேசையில் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கக்கூடும். உடனே அணைத்துவிடுங்கள், அழுத்தியோ குத்தியோ பார்க்க வேண்டாம்.

கடையில் ‘எக்ஸ்டெண்டட் வாரண்டி’ எடுக்கச் சொல்லி வற்புறுத்துகிறார்கள். எடுக்கலாமா?

யார் தருவது என்று முதலில் பாருங்கள். லேப்டாப் நிறுவனமே தருவது என்றால், அதன் சர்வீஸ் சென்டர் அதன் உதிரிபாகத்தைப் போடும். சீரியல் நம்பரைத் தட்டினால் நீட்டித்த தேதி தெரியும். கடை விற்பது பெரும்பாலும் மூன்றாவது நிறுவனம் ஒன்றின் திட்டமாக இருக்கும். பழுது வந்தால் அவர்கள் சொல்லும் இடத்துக்குத்தான் போக வேண்டும். வயதுக்கு ஏற்பத் தேய்மானம் கழிப்பார்களா, உதிரிபாகம் கிடைக்காவிட்டால் என்ன தருவார்கள் என்ற இரண்டையும் கேட்டு, பதில் விதிமுறையில் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். விற்பனையாளர் மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கூடுதல் ஆண்டைவிட, கீழே விழுவது, தண்ணீர் கொட்டுவது ஆகியவற்றுக்கான விபத்துப் பாதுகாப்பு அதிகம் உதவும். விடுதி அறையில் வரும் பழுதுகள் பெரும்பாலும் அந்த வகைதான். ஆனால் வாங்கும்போதோ அடுத்த சில வாரங்களிலோதான் பொதுவாக அதை எடுக்க முடியும். ஆண்டுக்கு இத்தனை முறை என்ற வரம்பும் இருக்கும்.

இன்னொன்று, ஆன்லைனில் வாங்கிய லேப்டாப்பின் வாரண்டி, நிறுவனத்தின் பதிவில் கிடங்கிலிருந்து கிளம்பிய நாள் முதலே ஓடத் தொடங்கியிருக்கலாம். பெட்டி வந்த வாரத்திலேயே சரிபாருங்கள். தேதி முன்பின்னாக இருந்தால் பில்லை அனுப்பித் திருத்திக்கொள்ளலாம்.

வெளியே ரேம் மாற்றினால் வாரண்டி மொத்தமாகப் போய்விடுமா?

போய்விடும் என்றுதான் கவுன்ட்டரில் சொல்வார்கள். உண்மையில் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. ரேமும் எஸ்எஸ்டியும் பயனாளரே மாற்றத்தக்கவை என்று சில நிறுவனங்கள் தங்கள் கையேட்டிலேயே படம் போட்டுக் காட்டுகின்றன. அப்படிப்பட்ட மாடலில், ரேம் மாற்றியதால் கீபோர்டுக்கு வாரண்டி மறுப்பது பொருந்தாது. மாற்றும்போது மற்ற பாகம் சேதமானால் அது மட்டும் உங்கள் கணக்கு. போர்டிலேயே ரேம் சால்டர் செய்யப்பட்ட மெல்லிய லேப்டாப்களில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. வாங்கும்போதே தேவைக்கு மேல் ரேம் எடுக்க வேண்டியதுதான்.

கார் உலகில் இதே வாதம் ஏற்கெனவே நடந்திருக்கிறது. வெளியில் பழுது பார்த்தால் வாரண்டி ரத்து என்று சொன்னதற்காகவும் உதிரிபாகங்களை வெளிச்சந்தைக்கு விடாததற்காகவும் 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014இல் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விவகாரம் மேல்முறையீடுகளுக்குப் போனாலும், வாரண்டியைக் காட்டி மிரட்டுவது கேள்விக்கு உட்பட்டது என்பது பதிவாகிவிட்டது. மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. நிறுவனங்களின் சர்வீஸ், உதிரிபாக, வாரண்டி விவரங்களை ஒரே இடத்தில் தருவது அதன் நோக்கம். பழுது பார்க்கும் உரிமைக்கென்று தனிச் சட்டம் இன்னும் வரவில்லை.

‘ராணுவத் தரம்’ என்று போட்டிருக்கும் லேப்டாப் கீழே விழுந்தாலும் உடையாதா?

உடையும். இப்படிச் சொல்லும்போது குறிப்பிடும் மில்-எஸ்டிடி-810எச் என்பது அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறைகளின் தொகுப்பு. அதில் எந்தச் சோதனைகளைச் செய்வது என்பதை நிறுவனமே தேர்ந்தெடுக்கிறது. தேறியதாக ராணுவம் சான்றிதழ் கொடுப்பதில்லை. அந்த முத்திரை உள்ள லேப்டாப்பும் கீழே விழுந்து உடைந்தால் சாதாரண வாரண்டியில் வராது. கடையில் அந்த ஸ்டிக்கரைப் பார்ப்பதைவிட, திரையின் நடுவில் விரல் வைத்துத் திறந்து பார்த்து, கீபோர்டின் நடுவே லேசாக அழுத்தி அது எவ்வளவு அமுங்குகிறது என்று கவனிப்பது பயன்தரும்.

மெட்டல் உடம்பு லேப்டாப்பைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறது. தயாரிப்புக் குறையா?

சார்ஜர் மாட்டியிருக்கும்போது மட்டும் லேசாக அப்படி இருந்தால், அநேகமாக வீட்டில் எர்த் இல்லை. சார்ஜருக்குள் இருக்கும் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் வழியாகக் கசியும் சிறு மின்சாரம் எர்த்துக்குப் போக வழியில்லாமல் உடம்பில் நிற்கிறது. மூன்று பின் சார்ஜரை இரண்டு பின் அடாப்டரில் செருகினாலும் இதே கதை. எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் சரிபாருங்கள். ஷாக் பலமாக அடித்தால் மட்டும் சார்ஜரைச் சந்தேகியுங்கள்.

சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் என்னென்ன செய்ய வேண்டும்?

டேட்டாவுக்கு எந்த வாரண்டியும் பொறுப்பேற்காது; நகல் எடுத்துவிடுங்கள். அதைவிடப் பலர் மறப்பது பிட்லாக்கர் சாவி. விண்டோஸ் 11 உள்ள பல லேப்டாப்களில் நாம் கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். மதர்போர்டை மாற்றினால் அந்தப் பூட்டின் ரகசியம் பழைய போர்டோடு போய்விடும். இலவசமாகப் புதுப் போர்டு போட்டு வாங்கி வந்து திறந்தால், நீலத்திரையில் 48 இலக்க எண்ணைக் கேட்டுக்கொண்டு நிற்கும். சர்வீஸ் சென்டரிலும் அது இருக்காது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து எழுதி வையுங்கள்.

அடுத்தது ஜாப் ஷீட். நீங்கள் சொன்ன பழுது, சீரியல் நம்பர், ஏற்கெனவே உள்ள கீறல்கள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். ‘நோ டிஸ்ப்ளே’ என்று மட்டும் எழுதி நீட்டினால் கையெழுத்துப் போட வேண்டாம். கொடுக்கும்போது இல்லாத விரிசல் திரும்பி வரும்போது இருந்தால், பேசப்போவது இந்தக் காகிதம்தான். தண்ணீர் கொட்டிய லேப்டாப் என்றால் அதை மறைக்காதீர்கள். உள்ளே ஈரம் பட்டால் நிறம் மாறும் ஸ்டிக்கர்களைப் பல நிறுவனங்கள் ஒட்டியிருக்கின்றன. மறைத்தால் உங்கள் மற்றப் பேச்சும் எடுபடாது.

ஒரே பழுதுக்கு மூன்று முறை போர்டு மாற்றிவிட்டார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்க முடியுமா?

கேட்கலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, குறையை நீக்கவோ, பொருளை மாற்றித் தரவோ, விலையைத் திருப்பித் தரவோ, இழப்பீடு தரவோ நுகர்வோர் ஆணையம் உத்தரவிட முடியும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். வழக்குக்கு முந்திய அந்தக் கட்டத்திலேயே இறங்கி வரும் நிறுவனங்கள் உண்டு.

நகரவில்லையா, மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கம்பெனியின் தலைமையகம் பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். தயாரிப்புக் குறையா இல்லையா என்பதில் தகராறு என்றால், பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்க்கவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. மூன்று மாதத்தில், ஆய்வு தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம், நடைமுறையில் இழுக்கும். நீங்கள் தவறவிடக் கூடாதது, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு என்ற வரம்பு. மின்னஞ்சல் போட்டுக்கொண்டே இருப்பதால் அந்தக் கெடு நீளாது.

கடைக்காரர் “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்று பில்லில் அச்சடித்திருக்கிறாரா? குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லப்படாவிட்டால் 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று இதே சட்டம் சொல்கிறது. பில்லே தராமல் இருப்பதும் அப்படித்தான்.

வாரண்டி முடிந்துவிட்டது. சென்னை ரிச்சி தெருக் கடைகளில் கொடுக்கலாமா?

தாராளமாக. கம்பெனி சர்வீஸ் சென்டர் போர்டையே மாற்றச் சொல்லும் இடத்தில், சிப் லெவல் வேலை தெரிந்தவர் ஒற்றைப் பாகத்தை மாற்றி முடித்துவிடுவார். ஆனால் செத்துப்போன கிராஃபிக்ஸ் சிப்பை வெறுமனே சூடு காட்டி உயிர்ப்பிப்பது தற்காலிக வைத்தியம். என்ன செய்தார் என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். பேட்டரியும் சார்ஜரும் வாங்கும்போது பிஐஎஸ் பதிவு எண்ணைப் பாருங்கள். இரண்டுக்கும் பதிவு கட்டாயம். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடைய தயாரிப்பு என்று வரும். ‘ஒரிஜினல்’ என்று கடைக்காரர் சொல்வதை அங்கேயே நின்று சோதித்துவிடலாம்.

விண்டோஸ் 10 ஆதரவு முடிந்துவிட்டதால் எட்டு வயது லேப்டாப்பைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?

2025 அக்டோபர் 14உடன் அதற்கான வழக்கமான ஆதரவு நின்றது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 சிப்பும் புதிய பிராசசரும் இல்லாத லேப்டாப்கள் மெதுவாக ஓடினாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் ஏற்றினால் படிக்க, எழுத, பாடம் பார்க்கப் போதும். தமிழக அரசு 2011இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தின் ஆரம்பகால லேப்டாப்களிலேயே விண்டோஸோடு, சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸும் இருந்தது. மாணவர்கள் பழகிய விஷயம்தான். எஸ்எஸ்டி வாங்குமுன் மதர்போர்டும் திரையும் நல்ல நிலையில் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். அந்த இரண்டில் ஒன்று போயிருந்தால் செலவு செய்ய வேண்டாம். டிஸ்க்கை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு, மீதியை அங்கீகாரம் பெற்ற மின்கழிவு நிறுவனத்திடம் ஒப்படையுங்கள்.