நிற்கும் வண்டியும் நுழையும் எலியும்

விழுப்புரம் மாவட்டத்துக் காணை வட்டாரத்தில் தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும், ஊர் ஊராக வாடகைக்கு ஓடிய நெல் அறுவடை இயந்திரங்கள் கொட்டகைக்குத் திரும்பிவிடும். அவற்றின் இடுக்குகளில் நெல்மணியும் கூளமும் தூசும் அப்பிக் கிடக்கும். வயலில் தீனி தீர்ந்துபோன எலிகளும் அதே வாரங்களில்தான் களத்துமேட்டையும் வைக்கோல் போரையும் நாடி வருகின்றன. அடுத்த பட்டத்துக்குச் சாவியைத் திருப்பும்போது வண்டி ஸ்டார்ட் ஆகாது. கேபினைத் திறந்தால் சீட்டு பஞ்சு சிதறிக் கிடக்கும், பெடலுக்கு மேலே வயர்கள் செம்பு தெரியத் தோலுரிந்து தொங்கும். வீட்டு வாசலில் மாதக்கணக்கில் நிற்கும் காருக்கும், சீசன் முடிந்து ஓரங்கட்டப்பட்ட டூரிஸ்ட் வேனுக்கும் இதே கதிதான். மேலைநாடுகளில் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் கேரவன் வண்டிகளைக் குளிர்காலம் முழுக்க நிறுத்தி வைப்பவர்களும் இதே தொல்லையைச் சொல்கிறார்கள். சேதத்தைப் பார்த்ததும் நம் கை மருந்துக் கடையைத் தேடிப் போகிறது. எலியைக் கொல்வதற்கு முன்னால் அது வந்த வழியைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். அதைச் செய்யாதவரை கொல்வதால் பயன் மிகக் குறைவு. இதற்கான காரணங்கள் எலியின் உடம்பிலேயே இருக்கின்றன.

முதலில் எந்த எலி என்று பார்க்க வேண்டும். வரப்பில் வளை தோண்டி நெற்கதிரைச் சேர்த்து வைப்பது வயலெலி. அது மண்ணை நம்பி வாழ்வது. அதன் உறவினமான பெருச்சாளியும் தோண்டுவதில்தான் கெட்டிக்காரி. வண்டிக்குள் குடியேறுவது பெரும்பாலும் வீட்டெலியும் சுண்டெலியும். வீட்டெலியின் வால் அதன் தலையும் உடலும் சேர்ந்த நீளத்தைவிடக் கூடுதல். அந்த வாலால் சமநிலை பிடித்துக்கொண்டு டயர் வழியாகவும், தொங்கும் கயிறு வழியாகவும், கூரைச் சட்டத்தின் வழியாகவும் ஏறி இறங்கும். ஆகவே வரப்பு வளையில் எத்தனை எலியைப் பிடித்தாலும் கொட்டகையில் நிற்கும் வண்டி தப்பிவிடாது. பெருமழையில் இந்தக் கணக்கு மாறும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது இதே மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அப்படி வரப்புகள் முழுகும்போது, எந்த எலியானாலும் மேடும் உலர்ந்த இடமும் தேடித்தான் ஓடும்.

எலியின் முன்பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். வாரத்துக்கு 2 முதல் 3 மி.மீ. வரை வளரும் அந்தப் பல்லைக் கடித்துக் கடித்துத்தான் அளவில் வைத்திருக்கிறது. பல்லின் முன்பக்கத்தில் மட்டுமே கெட்டியான எனாமல். அதில் இரும்புச் சத்து கலந்திருப்பதால்தான் அந்த ஆரஞ்சு நிறம். பின்பக்கம் மென்மை என்பதால் வேகமாகத் தேய்ந்து, முனை எப்போதும் உளிபோலக் கூராகவே நிற்கிறது. இன்னொரு அமைப்பு அதைவிட வியப்பூட்டுவது. முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தில், மயிர் முளைத்த கன்னத்தோல் இரு பக்கமும் உள்ளே மடிந்து வாயை அடைத்துக்கொள்ளும். அதனால் கடித்த துகள் தொண்டைக்குள் போகாமல் வெளியிலேயே உதிர்ந்துவிடுகிறது. எலிக்குக் கடிப்பது வேறு, தின்பது வேறு.

புதிய கார்களின் வயர் உறையில் சோயா கலந்த பொருள் சேர்ப்பதால்தான் எலி வருகிறது என்று பலர் நம்புகிறார்கள். அமெரிக்காவில் கார் நிறுவனங்கள்மீது வழக்குகளே நடந்தன. அந்த ஐயத்தை அற்பமென்று தள்ள வேண்டியதில்லை. ஆனால் சோயாவின் வாசனையே இல்லாத பழைய பிளாஸ்டிக் வயரையும், ரப்பர் குழாயையும், ஈயத் தகட்டையும் எலி கடித்துத்தான் வந்திருக்கிறது. கடிக்க வாகான தடிமனும் பல் பதியும் மென்மையும் இருந்தால் அதற்குப் போதும். வயரை மாற்றுவதால் எலி நின்றுவிடாது என்பதே இதிலிருந்து தெரிவது.

இனி வழிக்கு வருவோம். சுண்டெலி நுழைய 6 மி.மீ. இடைவெளி போதும் என்பது பூச்சிக் கட்டுப்பாட்டுத் துறையில் பொதுவாகக் கொள்ளும் அளவு. அதாவது ஒரு பென்சில் போகும் துளை. எலிக்கு 12 மி.மீ. மண்டையோடு நுழைந்துவிட்டால் மற்றதெல்லாம் நெளிந்து பின்னால் வந்துவிடும். இந்த அளவை மனத்தில் வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தால் எத்தனை வாசல்கள் தெரிகின்றன பாருங்கள். இன்ஜினுக்கும் கேபினுக்கும் இடையே உள்ள தகட்டில் வயர்கட்டு போகும் துளை. அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து கழன்றிருக்கும். பெடலும் கியர் கம்பியும் அசையும் வெட்டு. முன்கண்ணாடிக்குக் கீழே ஏசிக்கு வெளிக்காற்று எடுக்கும் வாய். தரைத்தகட்டில் மூடி விழுந்துபோன ஓட்டை. கதவு ரப்பர் கிழிந்த மூலை. பாடி கட்டும்போதோ பிறகு ஏசியும் ஸ்பீக்கரும் மாட்டும்போதோ தேவைக்கு மேல் பெரிதாகப் போட்ட துளைகள் இவை எல்லாவற்றையும்விட மோசமானவை. கேரவனில் தண்ணீர்க் குழாயும் கரண்ட் வயரும் தரையைத் துளைத்து ஏறும் இடம்தான் முதல் சந்தேகம். இருட்டிய பிறகு ஒருவர் வண்டிக்குள் உட்கார்ந்துகொள்ள, இன்னொருவர் வெளியே அடியிலிருந்து டார்ச் அடித்தால் ஒளி கசியும் இடமெல்லாம் தெரிந்துவிடும். எலி சுவரை ஒட்டி, மீசை மயிரால் தடவித் தடவியே நடக்கும். அதனால் அது போய்வரும் துளையின் விளிம்பில் உடம்பு எண்ணெயும் அழுக்கும் படிந்து கறுப்பாகப் பளபளக்கும். வழி சந்தேகமாக இருந்தால் டயரைச் சுற்றி மெல்லிசாகக் கோலமாவு தூவி வைத்து மறுநாள் பார்க்கலாம். முன்காலில் நான்கு விரலும் பின்காலில் ஐந்து விரலும் நடுவே வால் இழுத்த கோடும் பதிந்திருந்தால் ஐயமே இல்லை.

அடைத்தால் பக்கத்தில் இன்னொரு ஓட்டை போட்டுவிடாதா என்பது நியாயமான கேள்வி. வெறும் நுரையாலோ துணியாலோ அட்டையாலோ அடைத்தால் போட்டுவிடும்தான். ஆனால் பல் பதிய ஒரு விளிம்பு வேண்டும். சமதளமான தகரத்தில் அதற்குப் பிடி கிடைக்காது. சிறு துளைகளில் துருப்பிடிக்காத கம்பி நாரை இறுக்கித் திணித்து, மேலே எம்-சீல் போன்ற பசையால் மூட வேண்டும். பெரியவற்றுக்குத் தகடு. காற்று போக வேண்டிய வாய்க்கு 6 மி.மீ.க்குக் குறைந்த கண்ணுள்ள கம்பி வலை. ஏசித் தண்ணீரும் மழைத் தண்ணீரும் வடியும் துளைகளை முழுக்க அடைத்துவிடக் கூடாது. அடைத்தால் வண்டிக்குள் நீர் தேங்கித் தரைத்தகடே துருப்பிடிக்கும். பேட்டரி முனைகளுக்கு அருகில் கம்பி நார் வைப்பது ஷார்ட் ஆக வழிசெய்யும்.

இன்ஜின் அறையை அப்படி அடைக்க முடியாது என்பது உண்மை. அது அடியில் திறந்தே இருக்கும். அங்கே செய்யக்கூடியது எலிக்கு அந்த இடத்தைப் பிடிக்காமல் ஆக்குவது. பானட்டைத் தூக்கி வைத்தால் இருட்டும் ஒடுக்கமும் போய்விடும். வைக்கோல் போரையும் மல்லாட்டை மூட்டையையும் வண்டியிலிருந்து தள்ளிப் போட வேண்டும். அறுவடை இயந்திரத்தின் தானியத் தொட்டியையும் இடுக்குகளையும் காற்றடித்துத் துடைத்த பிறகே கொட்டகைக்குள் விட வேண்டும். கூளம் கிடந்தால் எலிக்குத் தீனி மட்டுமல்ல, கூடு கட்டும் பொருளும் அதுவே. சைலன்சர் பக்கத்தில் கட்டிய வைக்கோல் கூடும் தோலுரிந்த வயரும் சேர்ந்தால் தீப்பிடிக்க வேறு எதுவும் வேண்டாம். வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து இடம் மாற்றி நிறுத்துவதும் உதவும். பாச்சை உருண்டையும் புகையிலையும் இன்ஜின் பக்கம் சில நாள் வேலை செய்வதுபோலத் தோன்றும். திறந்த இடத்தில் வாசனை போய்விடும், எலியும் பழகிவிடும். கேபினுக்குள் வைத்தாலோ அதைச் சுவாசிப்பது ஓட்டுநர்தான். எலி விரட்டும் ஒலிக்கருவிகளுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க வணிக ஆணையம் 2001-இல் அவற்றை விற்றவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதமே அனுப்பியது.

இவ்வளவு பாடு எதற்கு, மருந்து வைத்தால் ஒரே ராத்திரியில் முடியுமே என்பார்கள். 1940-களில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் டேவிட் டேவிஸ் முதலிய ஆய்வாளர்கள் எலிகளைத் தெருத்தெருவாகக் கணக்கெடுத்தார்கள். கொன்று குறைத்த எண்ணிக்கை மீண்டும் பழைய அளவுக்கே ஏறியது. தீனியையும் மறைவிடத்தையும் குறைத்த இடங்களில்தான் எண்ணிக்கை குறைந்தபடியே நின்றது. மூன்று வாரத்தில் குட்டி போடும் உயிரினத்தில் இது எதிர்பார்க்கக்கூடியதே. மருந்திலும் சிக்கல் உண்டு. சட்டென்று கொல்லும் நஞ்சைக் கொஞ்சம் தின்று பிழைத்த எலி அதை மறுபடி தொடாது. மெதுவாகக் கொல்லும் புரோமடையோலோன் போன்றவற்றைத் தின்ற எலி சில நாள் கழித்து ஏசிக் குழாய்க்குள் செத்து நாறும். அப்படி மயங்கித் திரியும் எலியைப் பிடித்துத் தின்னும் கூகைக்கும் அந்த நஞ்சு ஏறும். எலியைத் தின்று நம் வயலைக் காக்கும் பறவையை நாமே கொல்கிறோம் என்பது எனக்குப் பெரிய வருத்தம். மூடிய இடத்தில் எலி மருந்து என்ன செய்யும் என்பதை 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் பார்த்தோம். மருந்து வைத்த வீட்டில் தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். வண்டியின் கேபின் அவர்கள் தூங்கிய அறையைவிடச் சிறியது.

கொல்லவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உள்ளே எலி இருக்கும்போது எல்லாத் துளையையும் அடைத்தால் அது தப்பிக்க இருப்பதையெல்லாம் கடித்துக் குதறும். இங்கே விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் வயலெலி பிடிக்கும் இருளர்களின் வேலை முறையைக் கவனிக்க வேண்டும். அவர்கள் வளையைக் கண்டதும் வெட்டத் தொடங்குவதில்லை. புது மண் எங்கே, புழுக்கை எங்கே, தப்பி ஓடும் வாய் எங்கே என்று வரப்பைச் சுற்றிப் பார்த்து, மற்ற வாய்களை அடைத்துவிட்டு ஒன்றில் மட்டும் புகை போட்டுப் பிடிக்கிறார்கள். நஞ்சே இல்லாத இந்தத் திறனுக்கு நாம் கொடுக்கும் கூலியும் மரியாதையும் அதன் தரத்துக்குப் போதவே போதாது. வண்டிக்கும் முறை அதுவே. புகை மட்டும் வேண்டாம், மற்ற வாசல்களை மூடி ஒன்றை விட்டு, அதன் ஓரமாகச் சுவரை ஒட்டிப் பொறி வைக்க வேண்டும். புதுப் பொருளைக் கண்டால் எலி ஒதுங்கும். அதனால் முதல் சில நாள் பொறியை விசைக்காமல் கருவாட்டுத் துண்டோ மல்லாட்டையோ வைத்துப் பழக்கிவிட்டுப் பிறகு விசைக்கலாம். சுண்டெலிக்கு அந்தக் கூச்சம் குறைவு. தொடர்ந்து சில இரவுகள் புதுப் புழுக்கையோ தடமோ இல்லையென்றால் கடைசி வாயையும் அடைத்துவிடலாம்.

அதன் பிறகே சுத்தம் செய்வது. உலர்ந்த புழுக்கையையும் கூட்டையும் துடைப்பத்தால் பெருக்கித் தூசி கிளப்பக் கூடாது. பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தெளித்து ஊறவைத்து, கையுறையோடு துணியால் வழித்தெடுக்க வேண்டும். எலிக்காய்ச்சலைப் பரப்பும் கிருமி அதன் மூத்திரத்தில் வருவது, கையில் சிறு கீறல் இருந்தாலும் உடம்புக்குள் போகக்கூடியது. அடைத்த இடங்களை ஐப்பசி மழைக்கு முன்னும் சம்பா அறுவடை முடிந்ததும் மறுபடி பார்க்க வேண்டும். வயரிங் வேலை செய்த ஒவ்வொரு முறையும் மெக்கானிக் கழற்றிய ரப்பர் வளையம் திரும்ப மாட்டப்பட்டிருக்கிறதா என்று அப்போதே குனிந்து பார்த்துவிடுவது நல்லது.